தீவுக்கு நடந்து போகும் நேரம்

உத்திரமேரூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், இளவரசியின் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பதைப் பார்க்கிறவர்கள் வாசலிலேயே நின்று, "ஏம்மா, ஆதார்ல பேரு மாத்தணும், பண்ணித் தருவியா?" என்று கேட்பார்கள். இல்லை, இங்கே புத்தகம் செய்கிறோம் என்பாள் அவள். எந்த ஸ்கூல் புத்தகம் என்பார்கள். ஸ்கூல் புத்தகம் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் படிக்கிற புத்தகம் என்றதும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்களை உட்காரவைத்து விளக்கிச் சொல்ல இளவரசிக்கு ஆசைதான். எழுதி முடித்ததுமே ஒன்று புத்தகம் ஆகிவிடுவதில்லை. எழுதியவர் அனுப்புவது வெறும் எழுத்தும் ஒரு மூட்டைப் படங்களும்தான். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒரு வரியில் எத்தனை சொல் வந்தால் கண் வலிக்காது, நாயின் படம் நாயைப் பற்றிய பத்திக்குப் பக்கத்திலேயே நிற்குமா, அத்தியாயத்தின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் போய் விழித்துக்கொண்டு நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். நன்றாகச் செய்துவிட்டால், அப்படி ஒருவர் இருந்தார் என்பதே படிக்கிறவருக்குத் தெரியாது. அந்த ஒருவர்தான் இளவரசி. எட்டு வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைச் செய்தாள். கம்பெனி சின்னப் பதிப்பகங்களையெல்லாம் கைகழுவியபோது, அவற்றில் ஸ்காட்லாந்துப் பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியை இஷ்பெல், "எங்கள் புத்தகங்களைச் செய்துகொண்டிருந்த பெண் எங்கே?" என்று தேடிப் பிடித்துவிட்டாள். ஜூன் மாதத்திலிருந்து வீட்டிலேயே வேலை. துணைக்குப் பக்கத்துத் தெரு பிரிஸ்கில்லா. அவள் பிழை பார்ப்பாள், படங்களைச் சரிசெய்வாள், மத்தியானம் தூங்கி விழுவாள்.

"இன்னைக்கு இன்னா புக்கு?" என்று மாமியார் சொக்கம்மாள் தினமும் கேட்பாள்.

"சுவரு அத்தை. சிமெண்ட் இல்லாம, கல்லு மேல கல்லு அடுக்கிக் கட்டற சுவரு."

"அதுக்கு ஒரு புக்கா?"

"முந்நூறு பக்கம்."

"கட்டிட்டுப் போவாம, எழுதிக்கினு கீறாங்களா?"

இஷ்பெலின் பதிப்பகம் கதைப் புத்தகமே போடாது. இருப்பதை, நடந்ததை, செய்கிற விதத்தை மட்டும்தான் போடும். அந்த எல்லைக்குள் எதுவும் விலக்கில்லை. ஈர மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் கதை ஒரு புத்தகம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருந்தவர்கள் என்ன சமைத்தார்கள் என்று ஒன்று. ஆட்டு மந்தையை மடக்கும் நாய்க்கு விசில் பழக்குவது, மீன் அறுத்துப் பீப்பாயில் அடுக்கிய பெண்கள், கண்ணுக்கே தெரியாத கடிபூச்சி, ஓட்ஸ் கஞ்சி, படகில் போய்ப் பிரசவம் பார்த்த டாக்டர் ஒருத்தியின் நினைவுகள், நிலம் யார் கையில் இருக்கிறது என்று கோபமாகக் கணக்குக் கேட்கிற ஒன்று, தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கால்பந்துக் குழுவின் நூறு வருட வரலாறு. இந்தக் கடைசிப் புத்தகத்தைப் பக்கம் கட்டும்போது பிரிஸ்கில்லா ஒரு ஆட்டத்திலாவது அவர்கள் ஜெயிக்க மாட்டார்களா என்று வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டாள்.

"ராஜா, ராணி, கொலைன்னு ஒண்ணுமே இல்லியா உங்க வெள்ளைக்காரம்மாகிட்ட?"

"கொலை இருந்துச்சு அத்தை. கோர்ட்டுல கேஸ் நடந்தது. நெஜக் கொலை."

"அதச் சொல்லு மொதல்ல. சுவரப் பத்தி நாளைக்குச் சொல்லலாம்."

இளவரசிக்கு இந்தப் புத்தகங்கள் பிடித்துப்போனதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு இயக்கம் இருந்ததுதான். சுவர் ஏன் விழாமல் நிற்கிறது, கஞ்சி ஏன் கட்டி தட்டுகிறது என்பதற்கெல்லாம் காரணம் இருந்தது. பக்கம் கட்டுகிறவள் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். கடைசியில் அதுவே வினையாகிப்போனது.

செப்டம்பரில் வந்தது ஒரு மெலிந்த கையேடு. கரைக்கு அருகே உள்ள ஒரு குட்டித் தீவுக்கு நடந்துபோவது எப்படி என்பது பற்றியது. பாலம் கிடையாது. கடல் வற்றும்போது மணல் வழி ஒன்று வெளியே வரும். சில மணி நேரம் அது திறந்திருக்கும். அதற்குள் போய், பார்த்து, திரும்பிவிட வேண்டும். பிந்தினால் கடல் வழியை மூடிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தத் தீவில் தபால்காரராக இருந்த ஒரு கிழவர் எழுதிய புத்தகம். முன்பாதியில் பறவைகளும் பழைய வீடுகளும். பின்பாதியில் அடுத்த வருடம் முழுவதற்கும், ஜனவரி முதல் டிசம்பர் வரை, தினமும் வழி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்ற அட்டவணை. வருடத்துக்கு வருடம் புது அட்டவணையோடு புத்தகம் மறுபடி வரும். அங்கே வருகிறவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மணலில் இறங்குவார்களாம்.

முதல் அத்தியாயத்திலேயே கிழவர் கடலின் கணக்கைச் சொல்லியிருந்தார். இளவரசி அதைச் சொக்கம்மாளுக்கும் பிரிஸ்கில்லாவுக்கும் ஒரு கொய்யாவைப் பூமியாகவும் பூண்டுப் பல்லை நிலவாகவும் வைத்து நடத்திக் காட்டினாள். கடல் நீரை இழுப்பது நிலவு. பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நிலவும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை மறுபடி நேருக்கு நேர் பார்க்கப் பூமி இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும். அதனால்தான் இன்றைக்குப் பத்து மணிக்குத் திறந்த வழி நாளைக்கு அதே பத்துக்குத் திறக்காது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிந்தும். மறுநாள் அதற்கும் மேல் பிந்தும். இப்படியே நழுவிக்கொண்டே போகும்.

"நம்ம பஸ் மாதிரி," என்றாள் பிரிஸ்கில்லா.

இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டதால் இளவரசிக்கு அட்டவணை வெறும் எண்களாகத் தெரியவில்லை. அது மூச்சு விடுவது போல ஒழுங்காக நகர்ந்தது. அதனால்தான் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணில் முள்ளாகக் குத்தியது. சனிக்கிழமைக்கும் ஞாயிறுக்கும் நடுவே நேரம் முக்கால் மணிக்குப் பதிலாக ஏறக்குறைய இரண்டு மணி தாவியிருந்தது. அதற்குப் பிறகு மறுபடி ஒழுங்கு. அக்டோபர் கடைசி ஞாயிற்றில் இதற்கு நேர்மாறு: கடல் ஒரு நாள் நகரவே மறந்து நின்றுவிட்டது போல. அப்புறம் மறுபடி ஒழுங்கு.

நிலவு இப்படித் தாவாது. தாவியது கிழவரின் கைதான் என்று அவள் முடிவு செய்தாள். வயதானவர், எங்கிருந்தோ எண்களை ஒட்டும்போது ஏழு மாதத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிப் போட்டுவிட்டார். பழைய கம்பெனியில் என்றால் சந்தேகம் என்று எழுதி மேலே அனுப்பியிருப்பாள். இஷ்பெல் ஆரம்பத்திலேயே, "சின்னச் சின்னதையெல்லாம் நீயே சரிசெய், உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது," என்று சொல்லியிருந்தாள். அந்தச் சொல் இளவரசியின் தலைக்குள் கொஞ்சம் ஏறியிருந்தது என்றே சொல்ல வேண்டும். ஏழு மாதத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரத்தைக் கழித்தாள். ஒரே தட்டு. அட்டவணை முழுவதும் வழுவழுவென்று ஓடியது. கிழவர் இந்த மாற்றத்துக்கு முந்தின புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போனது.

அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை வந்தது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு, ஏரி தளும்பத் தளும்ப நின்றது. இளவரசியின் கணவன் கேசவன் விடிந்ததுமே வரப்பு உடைந்ததா என்று பார்க்கக் கழனிக்குப் போயிருந்தான். திங்கட்கிழமைகளில் இரண்டரை மணிக்கு இஷ்பெலோடு வீடியோவில் பேச வேண்டும். இளவரசி சாப்பிடாமல் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டரை ஆயிற்று. இஷ்பெல் வரவில்லை. மூன்றும் ஆயிற்று.

"நெட்டு போச்சா பாரேன்," என்றாள் பிரிஸ்கில்லாவிடம்.

"நெட்டு சூப்பரா கீதுக்கா. ரீல்ஸ் ஓடுது."

"வேலை நேரத்துல ரீல்ஸா?"

"நெட்டு செக் பண்ணேன்க்கா!"

சொக்கம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, உங்க வெள்ளைக்காரம்மா தூங்கிட்டாளா? நீ வந்து துண்ணு, சோறு ஆறிப் போவுது."

"இருங்க அத்தை. அவங்க ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல."

மூன்றரை மணிக்கு, நொடி பிசகாமல், இஷ்பெல் திரையில் தோன்றினாள். கம்பளிச் சட்டை, கையில் கோப்பை, முகத்தில் தாமதமாக வந்ததற்கான அடையாளமே இல்லை. காலை வணக்கம் சொன்னாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே, ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன் என்று இளவரசி கேட்டதும் இஷ்பெல் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, மன்னித்துக்கொள். சொல்ல மறந்தே போனேன். நேற்று எங்கள் கடிகாரங்களைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டோம். எனக்கு இப்போதுதான் பத்து மணி."

"பின்னால் தள்ளினீர்களா? எதற்கு?"

இஷ்பெல் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோடையில் அங்கே பகல் நீளம். விடிந்தபின் தூங்கி வீணாக்காமல் இருக்க, மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று மறுபடி பழைய இடத்துக்கு. வருடா வருடம் இப்படித்தான்.

இளவரசிக்குப் பள்ளிக்கூடத்தில் எங்கேயோ இப்படி ஒன்று காதில் விழுந்த ஞாபகம். ஆனால் கடிகாரம் நகராத நாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். சென்னைக் கம்பெனியில் வெளிநாட்டோடு பேசுவது வேறு ஆட்களின் வேலை. இங்கே மணி என்றால் மணி. அது ஏரிக்கரைப் பனைமரம் மாதிரி, நட்ட இடத்தில் நிற்கும்.

மார்ச் கடைசி ஞாயிறு. அக்டோபர் கடைசி ஞாயிறு.

அட்டவணை தாவிய அதே இரண்டு நாட்கள். அப்புறம்தான் புரிந்தது. தாவியது நிலவும் இல்லை, கிழவரின் கையும் இல்லை. அந்த நாட்டின் கடிகாரம். தீவுக்கு நடக்கிறவன் கடலைப் பார்த்து அல்ல, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தானே நேரம் அறிவான்? கிழவர் அதற்காகத்தான் கோடை ஏழு மாதத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டி, யாரும் மனக்கணக்குப் போட வேண்டியிராதபடி எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு மணியை இவள் பிடுங்கி எறிந்துவிட்டாள். கோடை முழுக்க, அதாவது தீவுக்குக் கூட்டம் வருகிற காலம் முழுக்க, புத்தகம் தப்பான நேரத்தைச் சொல்லும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று முன்னுரையிலேயே இருந்தது.

கதைப் புத்தகத்தில் மழை தப்பான நாளில் பெய்தால் யாரும் நனைய மாட்டார்கள். இது அப்படி இல்லையே.

இஷ்பெல் அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், ஏதோ தோட்டச் சுவர்களில் பழமரம் படரவைப்பது பற்றி. இளவரசி குறுக்கே பேசினாள்.

"இஷ்பெல், தீவுப் புத்தகத்தை நிறுத்த வேண்டும். அட்டவணையை நான் கெடுத்துவிட்டேன்."

என்ன செய்தாள், ஏன் செய்தாள், எந்த மாதங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். திரையில் இஷ்பெலின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட்டு போய்விட்டது என்றே பிரிஸ்கில்லா நினைத்தாள்.

"அச்சகத்தைக் கூப்பிடுகிறேன்," என்றாள் இஷ்பெல். "அங்கேயே இரு." திரை இருண்டது.

பிரிஸ்கில்லா போனைக் கவிழ்த்து வைத்தாள். என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்து சொக்கம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இளவரசி அவளுக்கும் சொன்னாள். கடிகாரத்தை நகர்த்தும் விஷயம் சொக்கம்மாளுக்குச் சுலபத்தில் இறங்கவில்லை.

"மணிய மாத்துனா, கோழி எப்பக் கூவும்?"

"கோழி அதும் பாட்டுக்குக் கூவும் அத்தை. கடிகாரம்தான் மாறும்."

"மாடு கறக்கறவன் பாடு பேஜாருதான். சரி வுடு. நீ பண்ணதுல இப்ப இன்னா ஆவும்? தண்ணி முன்னாடியே வந்து மூடிக்குமா, இல்ல லேட்டா வருமா?"

இளவரசி நிமிர்ந்தாள். தப்பு என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவள் மனதில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் தப்பு என்று யோசிக்கவே இல்லை. ஒரு தாளை இழுத்து நீளமாகக் கோடு போட்டாள்.

"இருங்க அத்தை. கோடையில ஒரு நாள். நெஜமாவே வழி பன்னெண்டுக்குத் திறந்து மூணுக்கு மூடுதுன்னு வெச்சுக்கோங்க. நான் ஒரு மணி கழிச்சுட்டேன். அப்ப புக்குல பதினொண்ணுக்குத் திறந்து ரெண்டுக்கு மூடும்னு இருக்கும்."

"அப்ப ரெண்டு மணிக்கே திரும்பி வந்துடுவான்," என்றாள் பிரிஸ்கில்லா. "நெஜமா மூடறது மூணுக்கு."

"ஆமா."

"அப்ப முழுக மாட்டான்க்கா!"

"திரும்பி வரும்போது முழுக மாட்டான். போகும்போது?" இளவரசி கோட்டின் மறுமுனையில் விரலை வைத்தாள். "பதினொண்ணுக்குத் திறந்திருக்கும்னு நம்பி வருவான். அப்ப இன்னும் தண்ணி இருக்கும்."

"இருந்தா கண்ணு தெரியாதா அவனுக்கு?" என்றாள் சொக்கம்மாள். "கலங்கல்ல ஏரித் தண்ணி வழிஞ்சு ரோட்டு மேல போனா நாம ரோட்டுல எறங்கறமா? இந்தாண்ட நின்னுக்கினு வடியட்டும்னு பாக்கறோம். அப்படி நிப்பான். வைவான் உன்னை, அவ்ளோதான்."

இளவரசி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதான். கழித்ததற்குப் பதிலாகக் கூட்டியிருந்தால்? அட்டவணை ஜூலையில் ஆரம்பித்திருந்தால், கோடையை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டு குளிர்காலத்தோடு ஒரு மணியைச் சேர்த்திருப்பாள். அப்போது புத்தகம் மூன்று மணி வரை வழி உண்டு என்று சொல்லும், கடல் இரண்டுக்கே மூடிவிடும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவள் செய்த தப்பு, தப்புகளிலேயே கொஞ்சம் இரக்கமுள்ள பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டரை மணியிலிருந்து விறைத்துக் கிடந்த தோள்கள் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தன.

முழுக்கத் தளரவில்லை. புத்தகம் அச்சாகிப் போய்விட்டால், வழி திறந்திருக்கிறது என்று அதில் எழுதியிருப்பதை நம்பி, தண்ணீர் முழங்கால்தானே என்று தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற ஒருத்தன் இருக்க மாட்டான் என்று யார் சொல்வது? கலங்கலிலும் போன வருடம் ஒருத்தன் பைக்கோடு இறங்கினானே.

திரை ஒளிர்ந்தது. இஷ்பெல் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அச்சாகவில்லை."

பிரிஸ்கில்லாவுக்கு அந்த இங்கிலீஷ் உச்சரிப்பு எப்போதும் பாதிதான் புரியும். இது முழுதாகப் புரிந்தது. அவள் இளவரசியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கங்களை அச்சடித்து, மடித்து, வெட்டுவார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். பாரம் பாரமாக அச்சடித்து, அடுக்கி, தைத்தால் புத்தகம். தீவுப் புத்தகத்தில் பறவைகளும் வீடுகளும் இருந்த பாரங்கள் வெள்ளிக்கிழமையே ஓடி முடிந்துவிட்டன. ஆனால் அட்டவணை இருக்கும் பாரங்கள் மட்டும் வேறு காகிதம். மணலில் நின்று மழையில் பிரிக்கிற பக்கங்கள் அவை. நனைந்தாலும் கிழியாத, கொஞ்சம் மெழுகு போல வழுக்கும் காகிதம் வேண்டும் என்று கிழவர் பிடிவாதம் பிடித்திருந்தார். அந்தக் காகிதம் இன்னொரு ஊரிலிருந்து வர வேண்டும். புதன்கிழமைதான் வருகிறது. அச்சடிக்கிற உலோகப் பிளேட் தயாராகிக் காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

"பிளேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது செய்வார்கள்," என்றாள் இஷ்பெல். "நாளைக் காலைக்குள் திருத்திய பக்கங்கள் வேண்டும். முடியுமா?"

"இன்றைக்கே தருகிறேன்."

இளவரசி தன் கோட்டைக் கேமராவுக்கு முன்னால் காட்டி, தப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொன்னாள். இஷ்பெல் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"நல்ல பக்கமாகத் தப்பு செய்திருக்கிறாய்," என்றாள். பிறகு, "இதில் என் பங்கும் உண்டு. சின்னதையெல்லாம் நீயே சரிசெய் என்றேன். எது சின்னது என்று சொல்லவில்லை. எண் எதுவும் சின்னது இல்லை, சரியா? இனி ஒரு எண்ணைத் தொட்டால் என்னைக் கேள். முட்டாள்தனமான கேள்வியாக இருந்தாலும் கேள்."

"கேட்கிறேன்."

"இன்னொன்று. கிழவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். அவர் சிரிப்பார். என் ஊகம், சிரிப்பார்."

ஒரே தட்டில் கழித்ததை ஒரே தட்டில் கூட்டிவிடலாம். ஆனால் இளவரசிக்கு இன்றைக்கு ஒரே தட்டில் நடக்கிற எதன்மீதும் நம்பிக்கை இல்லை. கிழவர் முதலில் அனுப்பிய அட்டவணையைப் பிரிஸ்கில்லாவின் திரையில் திறந்தாள். தன் பக்கங்களில் அந்த ஒரு மணியைத் திரும்பக் கொடுத்தாள். பிறகு பிரிஸ்கில்லா ஒவ்வொரு நாளாக உரக்கப் படிக்க, இவள் ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே சரிபார்த்தாள். ஏப்ரல், மே என்று கோவிலில் அர்ச்சனை நடப்பது போல எண்கள் ஓடின. ஜூன் பாதியில் கரண்ட் ஒரு கண் சிமிட்டிவிட்டு வந்தது. யூ.பி.எஸ். கத்தியது. சொக்கம்மாள் இரண்டு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"அத்தை, கீபோர்டுல குழம்பு பட்டா..."

"நீ துண்ணா படாது. துண்ணாம வெச்சிருந்தாதான் படும்."

சாப்பிட்டுக்கொண்டே ஜூலையை முடித்தார்கள். ஆகஸ்டில் பிரிஸ்கில்லாவின் தொண்டை கட்டிக்கொண்டது. அப்புறம் இளவரசி படிக்க, பிரிஸ்கில்லா பார்த்தாள். மழையில் நனைந்து வந்த கேசவன் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு, இரண்டு பேர் மாறி மாறி மணி சொல்வதைக் கேட்டுச் சிறிது நேரம் நின்றான்.

"இன்னாம்மா இது, சீட்டு கட்றீங்களா?"

"கடல் எப்ப வத்தும்னு பாத்துக்கினு கீறாங்கடா," என்றாள் சொக்கம்மாள். "நீ கம்னு வா. வரப்பு இன்னா ஆச்சு?"

"ஒடையல."

"அதுவே போதும். இங்கயும் ஒண்ணும் ஒடையல."

அக்டோபர் வரை முடித்து, கடைசியாக மார்ச் மாதக் கடைசி வாரத்துக்குத் திரும்பியதும் இளவரசி நிறுத்தி, சனியையும் ஞாயிறையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தாவல். முன்பு அவள் கண்ணில் முள்ளாகக் குத்தியது. இப்போது அதே தாவல், வழியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, பார்த்து ஏறு என்று சொல்வது போல இருந்தது. அட்டவணைக்குக் கீழே கிழவரின் ஒரு வரி இருந்தது: இந்த நேரங்கள் உங்கள் கையிலுள்ள கடிகாரத்தின்படி. அதை அவள் முன்பும் படித்திருந்தாள். அழகாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தாள்.

இப்போது அந்த வரியைத் தடித்த எழுத்தாக்கலாமா என்று தோன்றியது. ஆக்கவில்லை. இஷ்பெலுக்கு எழுதிக் கேட்டாள். ஆக்கு என்று பதில் வந்தது. ஆக்கினாள். பக்கங்களை அனுப்பினாள்.

புதன்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. அச்சகத்திலிருந்து இஷ்பெல் ஒரு போட்டோ அனுப்பினாள். மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பெரிய தாள், இன்னும் மடிக்காதது. எட்டுப் பக்கங்கள் அதில் தெரிந்தன. பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும், வரிசை என்று ஒன்றுமே இல்லாமல் கிடந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். மடித்தால் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

"இன்னாக்கா, கன்னாபின்னான்னு கீது!" என்றாள் பிரிஸ்கில்லா.

இளவரசி பழைய தினத்தாள் ஒன்றைக் குறுக்கே மடித்து, மறுபடி குறுக்கே, இன்னும் ஒரு தடவை மடித்து, ஓரத்தில் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் போட்டு, விரித்துக் காட்டினாள். ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் பதினாறு உட்கார்ந்திருந்தது. எட்டாம் எண் தலைகீழாக நின்றது. பிரிஸ்கில்லா, "அட," என்று தாளைப் பிடுங்கித் தானே மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டே போட்டோவில் மார்ச் எந்த மூலையில் இருக்கும் என்று கண்டுபிடித்து, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பெரிதாக்கினார்கள். எழுத்து கொஞ்சம் மங்கல். ஆனாலும் தெரிந்தது. கடைசி சனி. அதன் கீழே கடைசி ஞாயிறு. தாவல் அதன் இடத்தில் இருந்தது.

"இருக்குக்கா."

"இருக்கு."

இளவரசி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். இரண்டு நாளாக எதையோ கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது போலவும், இப்போதுதான் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவது போலவும் இருந்தது. எங்கேயோ அடுத்த ஜூலையில், பெயர் தெரியாத யாரோ ஒருவர், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணலில் கால் வைப்பார். மணல் ஈரமாக இருக்கும். தண்ணீர் இருக்காது.

சொக்கம்மாள் தோளில் காய்ந்த துணிகளைப் போட்டுக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தாள். "இன்னா ஆச்சு உங்க கடலு?"

"சரியாயிடுச்சு அத்தை. அச்சாயிடுச்சு."

"அப்ப அந்த ஊரு சனம் நனையாம வூடு போய்ச் சேரும்?"

"போய்ச் சேரும்."

"போனா சரி," என்றாள் சொக்கம்மாள். துணியை இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் போட்டாள். "அதான் மடிக்கத் தெரிஞ்சுக்கினீங்களே. இத்தையும் மடிங்க."